மேலே மூன்று பங்கு, கீழே ஒரு பங்கு

எங்கள் தெருவில் சகாயமேரி சித்தியைப் பற்றி இப்போது இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். மாதா அற்புதம் செய்து அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள் என்பது ஒரு பேச்சு. ஜெபத்தைக் கொண்டுபோய்ப் பந்தடிக்கிற இடத்தில் வைத்துவிட்டாள் என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. நடந்தது என்ன என்று எனக்கும் முழுசாக விளங்கவில்லைதான். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு எந்தக் காலேஜிலும் சேராமல் வீட்டில் இருப்பதால் எனக்கு நேரமும் இருக்கிறது. வரிசையாக எழுதினால் படிக்கிறவர்களுக்காவது விளங்கும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பட்டாபிராமில் நாங்கள் கீழ் போர்ஷன், அவர்கள் மாடி போர்ஷன். நாங்கள் கத்தோலிக்கர்கள். சித்தியைக் கட்டிய ஜாபஸ் சித்தப்பா சி.எஸ்.ஐ. சபை. கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் சண்டை நடந்து, கடைசியில் அவரவர் கோயிலுக்கு அவரவர் போவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பைக்கில் கிளம்புவார்கள். சித்தப்பா அவளை எங்கள் கோயிலில் இறக்கிவிட்டுத் தன் சபைக்குப் போவார். எட்டு வருஷமாக அதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

சித்தி எதையும் வேகமாகச் செய்வாள். ரயில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் நிற்கும்போதே, அடுத்து வருகிற பட்டாபிராமில் இறங்கக் கதவுப் பக்கம் போய் நிற்பாள். சோறு வடிக்கிற நேரத்தில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துவிடுவாள். திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு யூனிட்டில் பேக்கிங் பார்த்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் விரும்பமாட்டார்களாம். அவள் கை ஓடுகிற ஓட்டத்தைக் காட்டி சூப்பர்வைசர் மற்றவர்களைத் திட்டுவார் என்பதால். அந்த யூனிட் ஆந்திரா பக்கம் போய்விட்டது. சித்திக்கு வேலை போனது.

பிறகு கிடைத்ததுதான் கோல்ஃப் பழகுகிற இடத்தில் கவுன்ட்டர் வேலை. செம்பரம்பாக்கம் போகிற வழியில், பிளாட் போட்டும் விற்காமல் கிடந்த நிலம் அது. மூன்று பக்கம் உயரமாக வலை கட்டியிருக்கிறார்கள். நாலாவது பக்கம் தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பச்சை நிறப் பாய்கள். அங்கே யாரும் குழியில் பந்து தள்ளி விளையாடுவதில்லை. பாய்மேல் நின்று பக்கெட்டிலிருக்கும் பந்துகளை ஒவ்வொன்றாக அடிப்பார்கள். அது வலைக்குள் போய் விழும். தூரம் காட்டப் பலகைகள் இருக்கும். அவ்வளவுதான். சாயங்காலம் சுற்றுவட்டாரக் கம்பெனிகளிலிருந்து கொரியாக்காரர்களும் மேனேஜர்களும் வருவார்கள். சித்தி அவர்களுக்குப் பந்துப் பக்கெட்டும் ஸ்டிக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜாபஸ் சித்தப்பா அதே திருமழிசையில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுவதால் போக வர அவளுக்குக் கஷ்டமில்லை.

மதியம் அங்கே ஆள் இருக்காது. ஒருநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல் சித்தி ஒரு ஸ்டிக்கை எடுத்து ஒரு பந்தை அடித்திருக்கிறாள். அது கடைசிப் பலகையையும் தாண்டிப் போய்ப் பின்வலையில் மோதியது. அங்கே கோச்சாக இருக்கிற தினகரன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாராம். இன்னொன்று அடிக்கச் சொன்னார். அது வலது பக்க வலைக்குப் போனது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்தது நகர்ந்து நகர்ந்து நாலடி உருண்டு நின்றது.

“அக்கா, உங்ககிட்ட பலம் கீது. நிதானந்தான் இல்ல,” என்றார் தினகரன். அவர் சித்தியைவிடச் சின்னவர். ஸ்டிக்கைத் தூக்குவதற்கு மூன்று பங்கு நேரம் எடுக்க வேண்டும், இறக்குவதற்கு ஒரு பங்கு நேரம் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தானாம். தூக்குவதை முடித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். சித்தியோ தூக்கி முடிப்பதற்குள்ளேயே இறக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

அதோடு விட்டிருந்தால் இது ஒரு மதியப் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும். அக்டோபர் பிறக்கும் சமயத்தில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தது. பக்கத்திலிருக்கிற பெண்கள் பள்ளி ஒன்று தன் பிள்ளைகளை அங்கே பழக அனுப்பத் தயாராக இருந்தது, ஆனால் சொல்லிக் கொடுப்பது பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்டது. தினகரன் சித்தியின் பெயரைச் சொன்னார். முதலாளி, சிட்டியிலிருந்து ஒரு பெரிய கோச்சை மாதக் கடைசி நாள் வரவழைப்பதாகவும், அவர் பார்த்துச் சரி என்றால் சித்தியே உதவிக் கோச் என்றும் சொல்லிவிட்டார். இன்னொரு செய்தி, கவுன்ட்டருக்கு மெஷின் வருகிறது. கார்டைக் காட்டினால் அதுவே பந்தைக் கொட்டும். அதனால் அடித்தால் கோச், அடிக்காவிட்டால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பெரிய கோச் பார்க்கமாட்டார், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அடிக்கிறாளா என்பதைத்தான் பார்ப்பார் என்று தினகரன் எச்சரித்திருந்தார். சித்திக்கு அதுதான் வராதது.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு கொரியாக்காரர் பாஷை தெரியாமல் கையை மெல்ல ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். ஒரு பர்ச்சேஸ் மேனேஜர், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கையை மறந்துவிடு என்றார். இன்னொருவர் இடுப்பை மறந்துவிடு, தோளைப் பார் என்றார். ஃபோனில் ஒரு வீடியோ மூச்சை இழுக்கச் சொன்னது, அடுத்த வீடியோ மூச்சை விடச் சொன்னது. சித்தி மொட்டை மாடியில் மடக்கிய குடையை வைத்துக்கொண்டு இடுப்பையும் தோளையும் மூச்சையும் ஒரே நேரத்தில் யோசித்து, கடைசியில் குடையைத் தண்ணீர்த் தொட்டியில் இடித்து வளைத்துவிட்டாள். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவும் பார்த்தாள். எண்ண ஆரம்பித்தால் பேக்கிங் பழக்கம் வந்துவிடுகிறது, எண்ண எண்ணக் கை வேகம் பிடிக்கிறது என்றாள்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். எங்கள் கோயில் பங்கில் தெரு வாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் முழுக்க சாயங்காலம் மாதா சுரூபத்தை ஒவ்வொரு வீடாக எடுத்துப் போய் எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். ஒருவர் முதல் பாதியை ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ‘அர்ச்சிக்கப்பட்ட மரியே’ என்று தொடங்கும் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். பத்துத் தடவைக்கு ஒரு தேவ ரகசியம் என்று ஐந்து பகுதியாக, இப்படியே ஐம்பது தடவைக்கு மேல் போகும். எங்கள் அன்பியத்தில் முன்னால் சொல்பவள் சகாயமேரி சித்தி. பின்னால் சொல்பவர்களில் முதல் குரல் இக்னேஷியஸ் தாத்தாவுடையது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். கட்டைக் குரல். தெருமுனை வரை கேட்கும்.

இவர்கள் இருவரையும் விட்டால் எங்கள் அன்பியத்துக்கு வேறு பெருமை இல்லை. பக்கத்துத் தெருவில் இரண்டாவது தேவ ரகசியம் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு ஜெபம் முடிந்து சுண்டல் வந்துவிடும். டிவி சீரியலுக்குப் போக வேண்டியவர்களும் நைட் ஷிஃப்ட் போகிறவர்களும் எங்கள் அன்பியத்தில் சேர ஆசைப்படுவார்கள்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் சித்தி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் வளைந்த குடை.

“ஜெனிஷா, கண்டுபிட்ச்சிட்டேன். அருள், நிறைந்த, மரியே. மூணு பங்கு. அர்ச்சிக்கப்பட்ட. ஒரு பங்கு.”

எங்கள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பி அவளைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் சித்தி செய்து காட்டியபோது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மூன்று சொல்லுக்குள் குடை தோளுக்கு மேலே போனது. நாலாவது சொல்லுக்கு இறங்கி வந்தது. எண்ணிக்கை போல அந்தச் சொற்கள் அவசரப்படுத்தவும் இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வருவதை யோசிக்காமலே சொல்லலாம்.

மறுநாளிலிருந்து அவள் மனசுக்குள் அதைச் சொல்லித்தான் அடித்தாள். ஒரு வாரம் போனது. முன்பு பாதிப் பந்தாவது நேராகப் போகும். இப்போது எல்லாமே வலது வலைக்குத்தான். சித்திக்குப் புரியவில்லை. தினகரன் ஃபோனில் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

“இத்தப் பாருங்கக்கா. ஸ்டிக்கு இன்னும் மேல போய்க்கினு கீது. உங்க கை அதுக்குள்ள கீழ கிளம்பிடுச்சு.”

சித்தி தான் வரிசையாகத்தான் சொல்வதாகச் சொன்னாள். எதைச் சொல்வதாக என்று அவர் கேட்டார். பந்து அடிக்க ஜெபம் சொல்கிறேன் என்று வேறு மதத்து ஆளிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

அதற்குள் இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. பந்துக்காக மாதாவைக் கூப்பிடுவது பாவமோ, அதனால்தான் வலது பக்கம் போகிறதோ என்று. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் ஜெபிக்கலாம் என்றாராம். அப்புறம், அந்த நேரத்தில் உன் நினைப்பு மாதாவிடம் இருக்கிறதா பந்திடம் இருக்கிறதா என்று கேட்டாராம். சித்தி வீடு திரும்பும் வரை யோசித்தாள். அதற்கடுத்த இரண்டு நாள் ஸ்டிக்கைத் தூக்கும்போது மாதாவை நினைத்தால் பந்தே படவில்லை. பந்தை நினைத்தால் குற்ற உணர்ச்சி. தினகரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குழப்பத்தை அவிழ்த்தது, இல்லை, இன்னும் இறுக்கியது, ஜாபஸ் சித்தப்பா. அவர் ஜெபமாலைக்கு உள்ளே வரமாட்டார். அவர் சபையில் அந்த ஜெபம் கிடையாது. ஆனால் சித்தியைக் கூட்டிப் போக வந்து, எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டு வாசலில் பைக்கில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மழை தூறியதால் பைக்கை விட்டு இறங்கி ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றார். நான் செருப்புகளை உள்ளே எடுத்து வைக்க வந்தபோது என்னிடம் கேட்டார்.

“இன்னா ஜெனி, இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முடிக்கவே உடமாட்டாங்களா?”

எனக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. கேளு என்றார். கேட்டேன். பதினெட்டு வருஷமாக அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் கேட்காதது அப்போது கேட்டது. சித்தி ‘மரியே’ என்று வாயைத் திறக்கும்போதே தாத்தா ‘அர்ச்சிக்கப்பட்ட’ என்று ஆரம்பித்துவிடுகிறார். நடுவிலிருக்கும் வரிகள் இரண்டு குரலுக்கும் அடியில் அரைபட்டுப் போகின்றன. அவர் ஆமென் சொல்வதற்குள் சித்தி அடுத்த ‘அருள்’ சொல்லிவிடுகிறாள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதனால்தான் எங்களுக்குச் சீக்கிரம் சுண்டல் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அதைச் சித்தியிடம் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார்.

“நீ மேல போய் முடிக்கறதுக்குள்ள அந்தப் பெருசு கீழ இஸ்துடறாரு மேரி. உன் கை இன்னா பண்ணும், பாவம்.”

சித்தி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். மனசுக்குள் சொல்லும்போது தன் குரலில் முதல் பாதிதான் கேட்கிறது, மறுபாதி தாத்தாவின் குரலில்தான் கேட்கிறது என்றாள். அவளுக்கு அந்த ஜெபம் வேறு விதமாக வராது. அவர் எங்கே நுழைவாரோ அங்கேதான் கை இறங்குகிறது.

“அப்ப நான் தப்பா அடிக்கிறேனா, தப்பா ஜெபம் பண்றேனா?” என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சித்தி முன் பாதியை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தாத்தா வழக்கம்போல் நடுவில் நுழைந்தார். சித்தி நிறுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி நுழைந்தார். மறுபடி ஆரம்பித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்பதை விட்டுவிட்டார்கள். மூன்றாவது தேவ ரகசியம் வருவதற்குள் சீரியல்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அன்று சுண்டல் ஆறிப்போனது.

ஜெபம் முடிந்ததும் தாத்தா அவளை வாசலில் நிறுத்தினார்.

“இன்னாம்மா, என் வாய மூடச் சொல்றியா?”

“இல்ல மாமா. நான் முடிச்சப்பறம் நீங்க ஆரம்பிங்க. அவ்ளோதான்.”

“உங்க அப்பாரு முன்னாடி சொன்ன காலத்துலேருந்து நான் இப்டித்தான் சொல்லிகினு கீறேன். அவரு ஒரு நாளும் கேக்கல. சபைக்காரன கட்டிக்கினு இப்ப எங்களுக்கே ஜெபம் சொல்லித்தர்றியா?”

பைக்கில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கும் அது கேட்டது. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். எட்டு வருஷமாக வராத தகராறு வந்துவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது. பந்துக்காகத்தான் கேட்டேன் என்று சித்தி சொல்லியிருந்தால் தாத்தா சித்தப்பாவைக் குறை சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அதைச் சொன்னால் அதைவிடப் பெரிய தகராறு வரும். அவள் பேசாமல் பைக்கில் ஏறினாள்.

அடுத்த நாளிலிருந்து தாத்தா வாயே திறக்கவில்லை. வந்தார், சுவரோரம் உட்கார்ந்தார், மணியை உருட்டினார். சித்தி முதல் பாதியை முடித்தாள். அவரை வைத்தே தொடங்கிப் பழகிய மற்றவர்கள், யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மௌனம். பிறகு எங்கிருந்தோ ஒரு மெல்லிய குரல் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு மணிக்கும் இப்படி.

இதன் பலன் பந்தடிக்கிற இடத்தில் தெரிந்தது. இப்போது சித்தி ஸ்டிக்கைத் தூக்கிவிட்டு மேலேயே நின்றுவிட ஆரம்பித்தாள். மூன்று சொல்லும் முடியும். நாலாவது வராது. அவளுக்குள்ளிருந்த தாத்தாவும் வாயை மூடிக்கொண்டார். கை மேலே, ஸ்டிக் மேலே, அவள் சிலை மாதிரி. பிறகு திடுக்கிட்டு இறக்குவாள். பந்து உருளும்.

தினகரனால் நம்ப முடியவில்லை. முன்னே சீக்கிரம் இறங்கினீர்கள், இப்போது இறங்கவே மாட்டேன் என்கிறீர்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாராம். சித்தி, இல்லை தம்பி, ஜெபத்தில் பிரச்சினை என்று சொல்லிவிட்டாள்.

மாதக் கடைசி நாள் வந்துவிட்டது. காலையிலேயே கிளம்பினோம். வேனில் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு சித்தப்பா எங்களையும் அங்கே கொண்டுபோய் விட்டார். வண்டியை நிறுத்தி அவரும் உள்ளே வந்தார். மழை விட்டிருந்தது. புல்லில் தண்ணீர் நின்றது. கவுன்ட்டரில் சித்தி உட்காருகிற நாற்காலியை எடுத்துவிட்டு, அட்டைப்பெட்டி பிரிக்காமல் மெஷினை இறக்கி வைத்திருந்தார்கள். சித்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய கோச் வயதானவர், வெள்ளைத் தொப்பி. அதிகம் பேசவில்லை. தூக்கு, அடி என்று கையைக் காட்டினார். முதல் பந்துக்கு சித்தி மேலே போய் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்து பாயை விட்டே இறங்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு நிற்கக் கூடாது என்று பயந்து பழைய மாதிரி அவசரமாக இறக்கினாள். வலது வலை. முதலாளி தினகரனைப் பார்த்தார். தினகரன் தரையைப் பார்த்தார்.

பெரிய கோச் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். உதடு அசைகிறதே, என்ன எண்ணுகிறாய் என்று கேட்டார். எண்ணவில்லை, ஒன்று சொல்கிறேன் என்றாள். அப்படியானால் எனக்குக் கேட்கும்படி சொல்லி அடி, எந்த இடத்தில் நிற்கிறாய் என்று பார்க்கிறேன் என்றார்.

சித்தி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துப் பாயில் அன்று காலையிலேயே வந்துவிட்ட இரண்டு கொரியாக்காரர்கள். முதலாளி. தினகரன். என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? சொல்லு என்று தலையாட்டினேன். அவள் பந்துமுன் நின்றாள். ஜெபமாலையில் முன்னால் சொல்கிற குரல் இல்லை அது, பாதிதான் இருந்தது.

“அருள்… நிறைந்த… மரியே…”

ஸ்டிக் தோளுக்கு மேலே போய்ச் சேர்ந்தது. நின்றது. அப்போது எங்களுக்குப் பின்னால் தகரக் கூரைத் தூணோரம் நின்றிருந்த ஜாபஸ் சித்தப்பா வாயைத் திறந்தார்.

“அர்ச்சிக்கப்பட்ட.”

அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. ஒரு மாதமாக வாசலில் இருந்தபடி கேட்டது மட்டும்தான். நடுவில் நுழைகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அவள் முடிக்கும் வரை இருந்து, முடித்தபின் சொன்னார். ஸ்டிக் இறங்கியது. ஒரு சத்தம் கேட்டது, இதுவரை அவள் அடித்து நான் கேட்காத சத்தம், சின்னதாக, சுத்தமாக. பந்து நேராகப் போய் நடுப் பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது.

பெரிய கோச் இன்னொரு பந்தைக் காலால் தள்ளி வைத்தார். சித்தி சொன்னாள். சித்தப்பா சொன்னார். நேராகப் போனது. அடுத்ததும் போனது. கொரியாக்காரர்கள் தங்கள் ஸ்டிக்கைக் கீழே ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சித்தப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. சபையில் வேதம் வாசிக்க நிற்பவர் மாதிரி வேன் சாவியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கெட்டில் பாதி தீர்ந்ததும் பெரிய கோச் நிறுத்தச் சொன்னார்.

“நல்லா அடிக்கிறம்மா,” என்றார். “ஆனா பாதியை அவரு அடிக்கிறாரு.”

அது பாராட்டா குறையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் முதலாளியைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். தினகரன்தான் வந்து முடிவைச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளில் சின்ன வகுப்புகளைச் சித்தி எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இல்லை. பொங்கல் கழித்து அவர் திரும்ப வந்து பார்ப்பார். அப்போது யாரும் பின்னாலிருந்து சொல்லக் கூடாது. சித்தி சரி என்றாள். வேலை கிடைத்ததற்குச் சிரிப்பதா, பாதிதான் கிடைத்தது என்று அழுவதா என்று தெரியாத முகம். வேனில் ஏறியபின் சித்தப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்களுக்கு அது தப்பு இல்லியா?”

“தெரியல மேரி,” என்றார் சித்தப்பா. “நீ மேலயே நின்னுகினு இருந்த. எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

அன்று சாயங்காலம் மாதத்தின் கடைசி ஜெபமாலை. முறைப்படி அது சித்தி வீட்டில். மாடிக்கு சுரூபம் வந்தது, எல்லோரும் வந்தார்கள். காலையில் நடந்ததை அதற்குள் நான் அம்மாவிடம் சொல்லி, அம்மா யாரிடமோ சொல்லி, தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. இக்னேஷியஸ் தாத்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து சுவரோரம் உட்காராமல், பழையபடி முன் வரிசையில் உட்கார்ந்தார். தன் வீட்டிலேயே நடப்பதால் சித்தப்பாவுக்கு வெளியே போய் நிற்க இடமில்லை. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சித்தி ஆரம்பித்தாள். நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். அவள் ‘மரியே’ என்றதும் தாத்தா அந்தக் கட்டைக் குரலில் பழைய இடத்திலேயே நுழைந்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் நுழைந்தார்கள். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல்! எனக்கே ஒரு நிம்மதி வந்தது. சித்தி இந்தத் தடவை நிறுத்தவில்லை, முழுதும் சொல்லி முடித்தாள். கதவோரத்திலிருந்து சித்தப்பா அதற்குப் பிறகுதான் ‘அர்ச்சிக்கப்பட்ட’ என்று தொடங்கினார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான், அதனால் அதோடு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் ஆமென் நெருங்கிக்கொண்டிருந்தபோது அது தனியாகக் கேட்டது.

தாத்தா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சித்தப்பா தரையைப் பார்த்தார். தாத்தா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பிக்கொண்டு அடுத்த மணியைப் பிடித்தார்.

அடுத்த தடவையும் அப்படித்தான். ஒரு பதில் அவசரமாக, இன்னொரு பதில் தாமதமாக. இரண்டுக்கும் நடுவில் அடுத்த ‘அருள்’ எப்போது சொல்வது என்று தெரியாமல் சித்தி மாதா முன்னால் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அவள் வலது கை மட்டும் மடியில் ஜெபமாலையோடு கொஞ்சமாக மேலே போய், அங்கேயே நின்றுகொண்டிருந்தது.